வார இறுதியில் ரப்பராகிப் போன பாலிமர்: ஒரு திரவப் படிகத் தயாரிப்பில் எங்கே தவறினோம்

ஜூன் மாதம், திங்கட்கிழமை காலை. ஆய்வகத்தைத் திறந்த உதவியாளர் சேட்டன்தான் முதலில் பார்த்தார். "டீச்சரே, அந்தக் குப்பியோட மூடி வீங்கியிருக்கு, தொடவா வேண்டாமா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். ரப்பர் மூடி போட்ட நூறு மில்லி குடுவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டையாக இருந்த மூடி, இப்போது பூரி மாதிரி மேலே உப்பி நின்றது. ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் பர்னர் எதுவும் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டு, மூடியில் ஒரு ஊசியைக் குத்தினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. குடுவையைச் சாய்த்தால் உள்ளே இருந்தது நகரவே இல்லை. வெள்ளிக்கிழமை தேன் பதத்தில் இருந்த பாலிமர்க் கரைசல் அது, கரைப்பான் டோலுயீன். ஸ்பேச்சுலாவால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

எம்.எஸ்சி. மாணவி ஒருத்தியின் நான்கு மாத உழைப்பு அது. அவள் வேலந்தாவளத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை. வந்து பார்த்துவிட்டு, "மிஸ், கொஞ்சம் டோலுயீன் ஊத்தினா கரைஞ்சிடும்ல?" என்றாள். ஊற்றினோம். கரையவில்லை, ஊறியது. சவ்வரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்புகிற மாதிரி அந்தக் கட்டி பெரிதானதே தவிர, ஒரு துளிகூடக் கரைசலுக்குள் வரவில்லை. கரையாமல் ஊறுகிறது என்றால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிவிட்டன என்று அர்த்தம். அது ஏன் பின்னிக்கொண்டது, யார் கையில் தப்பு, திரும்பச் செய்யும்போது என்ன மாற்றினோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துச் சின்னக் கல்லூரிகளில் இந்த வேலையை எடுக்கிற பிள்ளைகளுக்கு இது உதவணும்.

என்ன செய்யப் பார்த்தோம்

யோசனை எளிமையானது. குச்சி மாதிரி நீண்ட ஒரே திரவப் படிக மூலக்கூறை எடுத்துக்கொள்வது. அதை ஒரு பக்கம் நீண்ட பாலிமர் சங்கிலியில் தொங்கவிடுவது, இன்னொரு பக்கம் எட்டுக் கை உள்ள ஒரு சின்ன மையத்தில் கட்டுவது. அப்புறம் தனி மூலக்கூறு, பாலிமர், எட்டுக்கை டென்ட்ரிமர் (மையத்திலிருந்து மரம் மாதிரி கிளைவிடுகிற மூலக்கூறு) மூன்றையும் ஒரே மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒப்பிடுவது. குச்சி ஒன்றுதான், அதைக் கட்டியிருக்கிற இடம்தான் வேறு. அப்படியிருக்க குணம் எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி.

திரவப் படிகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1888-ல் பிராகாவில் தாவரவியல் வேலை பார்த்த ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர், கொலஸ்டெரில் பென்சோயேட்டைச் சூடாக்கியபோது அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்று, 178.5 டிகிரியில் மறுபடி தெளிந்ததைக் கண்டார். இரண்டு உருகுநிலை. அந்த நடுவில் நின்ற கலங்கல்தான் திரவப் படிக நிலை. திரவம் மாதிரி ஓடும், ஆனால் உள்ளே மூலக்கூறுகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். வாய்க்காலில் மிதந்து போகிற வைக்கோல் துரும்புகள் முன்னே பின்னே இருந்தாலும் எல்லாம் ஒரே திசை பார்த்துப் போகும் இல்லையா, அது நெமாட்டிக். முடைந்த தென்னங்கீற்றை வண்டியில் ஏற்றும்போது ஒரே திசையில் வைப்பதோடு அடுக்கடுக்காகவும் வைக்கிறோமே, அது ஸ்மெக்டிக். தட்டு வடிவ மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூணாக நிற்பதும் உண்டு. அதை முதலில் காட்டியது நம் பெங்களூர்தான். ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் குழு 1977-ல் வெளியிட்டது. எந்த மாநாட்டுக்குப் போனாலும் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை.

நாங்கள் எடுத்த குச்சி சயனோபைஃபீனைல். இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் ஜார்ஜ் கிரே 1970-களின் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்தைச் செய்து கொடுத்த பிறகுதான் கைக்கடிகாரத் திரையும் கால்குலேட்டர் திரையும் நம்பகமாக வேலை செய்தன. அந்தக் குச்சியை நேராகச் சங்கிலியில் ஒட்டினால் காரியம் ஆகாது. சங்கிலி தன் போக்கில் சுருளப் பார்க்கும், குச்சிகள் வரிசையில் நிற்கப் பார்க்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். 1978-ல் ஃபிங்கல்மான், ரிங்ஸ்டார்ஃப், வென்டார்ஃப் மூவரும் இதற்கு வழி சொன்னார்கள்: நடுவில் வளையக்கூடிய ஒரு கார்பன் சங்கிலியை இடைவெளியாக விடு. மாட்டைத் தும்பு நீளமாக விட்டுக் கட்டுகிற மாதிரிதான். முளையில் ஒட்டிக் கட்டினால் மாடு திரும்பக்கூட முடியாது, கயிறு இருந்தால் அதன் போக்கில் மேயும். எங்கள் கயிறு ஆறு கார்பன் நீளம்.

குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற கெவ்லார் மாதிரியான பாலிமர்கள் வேறு வகை. அவற்றில் விறைப்பான துண்டுகள் முதுகெலும்பிலேயே இருக்கின்றன. 1965-ல் டூபாண்டில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த அந்தக் கரைசல் கலங்கலாகவும், பாலிமர் கரைசலுக்கு வழக்கமில்லாத அளவு நீர்த்தும் இருந்தது. நூற்பு இயந்திரம் அடைத்துக்கொள்ளும் என்று முதலில் அதை நூற்கவே தயங்கினார்கள். எங்கள் வேலை தொங்கும் குச்சி வகை என்பதால் அதை இங்கேயே விடுகிறேன்.

செய்த முறை

முதல் படி எளிது. ஹைட்ராக்சி சயனோபைஃபீனைலையும் ஆறு கார்பன் புரோமோஹெக்சீனையும் பொட்டாசியம் கார்பனேட்டோடு அசிட்டோனில் போட்டுக் கொதிக்கவிட்டால் ஈதர் வந்துவிடும். டி.எல்.சி. என்ற மெல்லடுக்குப் பிரிப்பில் தொடக்கப் பொருளின் புள்ளி மறையும்வரை ஓட்டி, எத்தனாலில் மறுபடிகமாக்கினோம். வெள்ளை ஊசி மாதிரி படிகம், ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பு. இதன் நெருங்கிய சொந்தம், அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத ஆறு கார்பன் ஈதர், 57 டிகிரி பக்கம் உருகி 76 பக்கம் தெளிகிற நெமாட்டிக். எங்களுடையதும் குணத்தில் அதே ஜாதிதான்.

இரண்டாவது படிதான் விஷயம். பாலிமெத்தில்ஹைட்ரோசிலாக்சேன் என்று ஒரு எண்ணெய் கடையிலேயே கிடைக்கிறது. நாங்கள் வாங்கியதில் ஒரு சங்கிலிக்குச் சுமார் 40 சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பு. பிளாட்டினம் வினையூக்கி சில துளி விட்டால், ஒவ்வொரு சிலிக்கான்–ஹைட்ரஜனும் ஒரு இரட்டைப் பிணைப்பின் மேல் போய்ச் சேர்ந்துகொள்ளும். குச்சி சங்கிலியில் தொங்கும். எட்டுக்கை மையத்துக்கும் இதே வினைதான். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனசதுரக் கூண்டு, எட்டு மூலையிலும் ஒவ்வொரு சிலிக்கான்–ஹைட்ரஜன். இந்தக் கூண்டில் திரவப் படிகக் குச்சிகளைக் கட்டிக் காட்டியவர்கள் ஹல் பல்கலைக்கழகத்தின் மெல், குட்பி இருவரும், 1996-ல். சுத்தமாகச் சொன்னால் இது டென்ட்ரிமரின் முதல் தலைமுறை மாதிரிதான், கிளைக்குக் கிளை இரண்டாகப் பிரிந்து போகிற பெரிய மரம் இல்லை. ஆனால் எங்கள் வசதிக்கு எட்டியது இதுதான், ஒப்பிடவும் இதுவே சரியாக இருந்தது: ஒரே குச்சி, ஒரே வினை, ஒரே வினையூக்கி.

சோடியம் கம்பி போட்டு உலர்த்திய டோலுயீன், நைட்ரஜன் பலூன், 70 டிகிரி, ஒரு ராத்திரி. சிலிக்கான்–ஹைட்ரஜன் ஒன்றுக்குக் குச்சி ஒன்று என்று சரிக்குச் சரியாக எடுத்தோம். குச்சி செய்யப் பட்ட பாட்டுக்கு ஒரு மில்லிகிராமைக்கூட வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை, நானும் சரி என்றேன். இந்த ஒரு முடிவைக் கவனித்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை அகச்சிவப்பு நிறமாலை எடுத்தோம். சிலிக்கான்–ஹைட்ரஜன் சிகரம் அலையெண் 2160 பக்கத்தில் வரும், அது மறைந்தால் வினை முடிந்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். மறைந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். மெத்தனாலில் ஒருமுறை ஊற்றி வீழ்படிவாக்கி, கொஞ்சம் டோலுயீனில் மறுபடி கரைத்து, இரண்டாவது வீழ்படிவைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டுப் போனோம். மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸும் கிளம்பப் போகிறது.

எங்கே தவறியது

திங்கட்கிழமை மத்தியானம் அந்த நிறமாலைத் தாளை மறுபடி விரித்து உட்கார்ந்தோம். சயனோ குழுவின் சிகரம் 2225 பக்கத்தில் கூராக நிற்கிறது. அதன் வலது காலடியில், 2160-ல், ஒரு சின்ன மேடு. பெரிய சிகரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அடிக்கோட்டின் நெளிவாகத்தான் தெரியும். வெறும் எண்ணெயின் நிறமாலையை மேலே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, அந்த மேடு எண்ணெயின் சிகரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. அவள் விரலை அதில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாளை வெள்ளிக்கிழமை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னுடையது என்று அவளிடம் அப்போதே சொன்னேன்.

மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும்? 95 சதவீதம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கரிம வினைக்கு அது அருமையான விளைச்சல், ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 40 இடம் உள்ள சங்கிலியில் 5 சதவீதம் என்றால் சங்கிலிக்கு 2 இடம் காலி. அது சராசரிதான். சிலதில் ஒன்றும் இருக்காது, சிலதில் 3, 4 இருக்கும். வலை பின்ன அது போதும். சங்கிலிக்கு இரண்டு முடிச்சுக்கு மேல் விழுந்தால் குடுவை முழுக்க ஒரே மூலக்கூறாகப் போகிற வழி திறந்துவிடுகிறது.

முடிச்சு போட்டது யார்? பிளாட்டினம் இன்னும் உள்ளேயே இருந்தது, நாங்கள் அதை எடுக்கவில்லை. பிளாட்டினம் இருக்கும்போது சிலிக்கான்–ஹைட்ரஜன், மெத்தனாலோடும் தண்ணீரோடும் வினைபுரியும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும், சிலிக்கானில் மெத்தாக்சியோ ஹைட்ராக்சிலோ வந்து உட்காரும். அந்த ஹைட்ராக்சில், பக்கத்துச் சங்கிலியின் மிச்ச சிலிக்கான்–ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலம் போடும், மறுபடி ஹைட்ரஜன் வரும். மூடி உப்பியது அதனால்தான். வீழ்படிவில் மெத்தனால் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உதட்டை வெடிக்க வைக்கும், அதே வேலையை அப்போது செய்திருந்தால் ஒருவேளை இரண்டு நாள் தாங்கியிருக்கும். ஜூனில் அதே கணவாய் வழியாக மழையீரம் உள்ளே வருகிறது. உலர்த்தும் குடுவையில் போட்ட நீல சிலிக்கா ஜெல் ஒரே நாளில் ரோஸ் நிறத்துக்குப் போகிற காலம் அது. இன்னொன்றையும் சொல்லியாகணும்: ஹைட்ரஜன் வரக்கூடிய எதையும் இறுக மூடி வைக்கக் கூடாது. அந்த வார இறுதியில் குடுவை வெடிக்காமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ரப்பர் மூடிக்குப் பதில் கண்ணாடி மூடியைப் போட்டுக் கிளிப் மாட்டியிருந்தால் திங்கட்கிழமை சேட்டன் கண்ணாடித் தூளைத்தான் பெருக்கியிருப்பார்.

சரி, ஏன் 95-லேயே நின்றது? இரண்டு காரணம். பிளாட்டினம் இரட்டைப் பிணைப்பைச் சேர்க்க மட்டும் செய்வதில்லை, முனையில் இருக்கிற பிணைப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளியும் விடும். உள்ளே போனது பிறகு வினைக்கு வராது. ஆகச் சரிக்குச் சரி எடுத்தால் கட்டாயம் பற்றாக்குறைதான். குச்சியை வீணாக்கக் கூடாது என்று நினைத்த அந்த முடிவுதான் நான்கு மாதத்தை வாங்கியது. இரண்டாவது நெரிசல்: சங்கிலியில் முப்பத்தைந்து குச்சி தொங்கிய பிறகு மிச்ச இடத்துக்குள் நுழைய இடமில்லை.

டென்ட்ரிமர்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. எட்டுக் கையில் ஒவ்வொன்றும் 98 சதவீதம் முடிந்தால், எட்டும் நிறைந்த மூலக்கூறு 85 சதவீதம்தான், மீதி ஏழோ ஆறோ கையோடு நிற்கும். மாஸ்கோவில் பொனோமரென்கோ, ஷிபாயெவ், முசாஃபரோவ் குழு கார்போசிலேன் மரத்தை ஐந்தாம் தலைமுறைவரை வளர்த்து, நுனியில் 128 சயனோபைஃபீனைல் தொங்கவிட்டது. ஒரு நுனிக்கு 99 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட முழுசாக நிறைந்தது 28 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் அந்த வேலையின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. முதல் நான்கு தலைமுறையில் (8, 16, 32, 64 நுனி) அடுக்கடுக்காக ஸ்மெக்டிக்காக நின்றது, 128-க்குப் போனதும் தூண் அமைப்புக்கு மாறிவிட்டது. குச்சி மாறவில்லை, கயிறு மாறவில்லை. நுனிகள் பெருகப் பெருகத் தட்டையான அடுக்கில் உட்கார இடம் பற்றாமல் வளைந்துகொண்டுவிட்டன. மரத்தின் வடிவமே ஒழுங்கைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

திரும்பச் செய்தபோது

குச்சியை 15 சதவீதம் கூடுதலாக எடுத்தோம். ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு. அப்புறம் ஒரு சின்ன வேலை, ஆனால் எல்லாவற்றையும் காப்பாற்றியது அதுதான்: கடைசியில் கொஞ்சம் ஆக்டீன் ஊற்றி இன்னும் சில மணி நேரம் ஓட்டினோம். ஆக்டீன் ஒல்லியான மூலக்கூறு, குச்சி நுழைய முடியாத சந்தில் நுழைந்து மிச்ச சிலிக்கான்–ஹைட்ரஜனை அடைத்துவிடும். இரண்டொரு வால் தொங்குவதால் ஒழுங்கு கொஞ்சம் தளரலாம், வலையாவதற்கு அது எவ்வளவோ மேல். வீழ்படிவாக்கும் முன் சிலிக்கா ஜெல் சின்னக் குழாயில் ஓடவிட்டுப் பிளாட்டினத்தின் கறுப்பைப் பிடித்தோம். நிறமாலையில் 2160-ஐ மட்டும் பெரிதாக்கிப் பார்த்தோம், எண்ணெயின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அது போதாதென்று மாதிரியைக் கோயம்புத்தூருக்குக் கொடுத்தனுப்பி என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுத்தோம், 4.7 பி.பி.எம்.-ல் சிலிக்கான்–ஹைட்ரஜன் வருகிற இடம் சமதரையாக இருந்தது. கூடுதல் குச்சியை வெளியேற்ற நான்கு முறை வீழ்படிவு. அது உள்ளேயே தங்கினால் பாலிமரின் தெளிவுநிலையை (கலங்கல் போய்த் தெளிகிற வெப்பத்தை) கீழே இழுத்து, அளப்பதையெல்லாம் பொய்யாக்கிவிடும்.

பார்த்தது இதுதான். தனிக் குச்சி நெமாட்டிக், குறுக்கு போலராய்டுகளுக்கு நடுவில் கறுப்பு நூல்கள் நெளிகிற படம். அதே குச்சியைப் பாலிமரில் தொங்கவிட்டதும் நெமாட்டிக் போய் ஸ்மெக்டிக் ஆகிவிட்டது, தெளிவுநிலை 150 டிகிரியைத் தாண்டி ஏறியது. குளிர்வித்தாலும் படிகமாகாமல் அடுக்கு ஒழுங்கோடேயே உறைந்து கண்ணாடியாகிறது. எட்டுக்கையும் ஸ்மெக்டிக்தான், ஆனால் தெளிவுநிலை பாலிமரைவிடக் கீழே.

பெரிய வித்தியாசம் வேகத்தில். எட்டுக்கையைத் தெளிவுநிலைக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால், கறுப்புப் பரப்பில் அரிசி மணி மாதிரி வெள்ளைக் கீற்றுகள் முளைத்து, ஒன்றையொன்று தொட்டு, சில நிமிஷத்தில் விசிறி விசிறியாக விரிந்துவிடும். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிமரில் அதே விசிறி வர மூன்று மணி நேரம் அதே வெப்பத்தில் விட வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் மணல் கொட்டின மாதிரி பொடிப்பொடியாக ஒளிரும், நெமாட்டிக்கா ஸ்மெக்டிக்கா என்றே சொல்ல முடியாது. நீளச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன, எட்டுக்கையில் சிக்க எதுவும் இல்லை. திரையில் மின்னழுத்தம் கொடுத்துத் திருப்புகிற வேலைக்கு நான் எட்டுக்கையைத்தான் எடுப்பேன். ஒருமுறை எழுதி அப்படியே உறைய வைக்கிற வேலைக்குப் பாலிமர்.

முதல் குடுவையின் ரப்பரை எறியவில்லை. டோலுயீனை ஆவியாகவிட்டு உலர்த்தியபோது பால் நிறத்தில், அழிரப்பர் மாதிரி ஒரு துண்டு கிடைத்தது. ஃபிங்கல்மான் குழு 1981-ல் முறையாகச் செய்து காட்டிய திரவப் படிக ரப்பரின் வாசலில்தான் நாங்கள் தெரியாமல் போய் நின்றிருக்கிறோம். சங்கிலிகளைப் பிணைக்கிற கொக்கிகளை அவர்கள் எண்ணிப் போட்டார்கள், எங்களுக்கு மழை போட்டது. அதிலிருந்து மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி, இரண்டு இடுக்கியால் பிடித்துச் சூடான ஸ்லைடின் மேல் மெதுவாக இழுத்தாள். இழுபட்ட இடத்தில் மட்டும் பால் நிறம் விலகி, அடியில் இருந்த ஸ்லைடின் எண் தெரிந்தது. விட்டதும் மறுபடி வெளுத்தது. இன்னொரு முறை இழுத்தாள். அடுத்த பருவத்துக்கு இந்தத் துண்டையே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இந்த முறை கொக்கியையும் எடை போட்டுச் சேர்க்கணும் என்று சொல்லி, இருமுனை இரட்டைப் பிணைப்பு உள்ள குறுக்கிணைப்பி ஒன்றுக்கு ஆர்டர் எழுதி வைத்திருக்கிறோம்.